கருப்பு வெள்ளைக் கம்பத்துக்குப் பெயர் கொடுத்தவர்

லண்டனில் பிள்ளைகள் வீட்டில் இரண்டு மூன்று மாதம் தங்கிவிட்டு வந்தவர்கள் நம் குடியிருப்பிலும் உண்டு. அங்கே தெருவைக் கடக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் கருப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கம்பம் நிற்பதை அவர்கள் பார்த்திருப்பார்கள். அதன் உச்சியில் பெரிய ஆரஞ்சுப் பழம் போல ஓர் உருண்டை விளக்கு விட்டு விட்டு எரியும். அந்தக் கம்பத்துக்கு பெலிஷா பீக்கன் என்று பெயர். பெலிஷா என்பது ஏதோ கம்பெனியின் பெயர் என்று நினைப்பவர்கள் உண்டு. அது ஒரு மனிதரின் பெயர். லெஸ்லி ஹோர்-பெலிஷா, பிரிட்டனில் போக்குவரத்து அமைச்சராக இருந்தவர். அவர் இறந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

நம் குடியிருப்பில் காலையில் நடப்பவர்களும் கார் ஓட்டுபவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான். ஏழு மணிக்கு நடக்கும்போது வண்டிக்காரர் மேல் கோபம் வருகிறது. ஒன்பது மணிக்கு ஸ்டீயரிங் பிடித்ததும் நடப்பவர் மேல் கோபம் வருகிறது. இந்த இரண்டு கோபத்துக்கும் நடுவில் ஒரு கேள்வி இருக்கிறது. கோடு போட்ட இடத்தில் வண்டி எப்போது நிற்க வேண்டும்? நடப்பவர் சாலையில் கால் வைத்த பிறகா, அல்லது அவர் ஓரத்தில் காத்து நிற்கும்போதேவா? இந்தக் கேள்வியை ஒரு அரசாங்கத்தின் வேலையாக ஆக்கியவர்களில் முக்கியமானவர் பெலிஷா. அதனால் அவருடைய கதையைக் கொஞ்சம் விவரமாகவே சொல்லலாம் என்று தோன்றியது.

தந்தை முகம் அறியாத பிள்ளை

1893 செப்டம்பர் 7 அன்று லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். ஒரு வயது நிறைவதற்குள் தந்தை இறந்துவிட்டார். தாய்தான் வளர்த்தார். பிரிஸ்டல் நகரின் கிளிஃப்டன் கல்லூரி என்ற பள்ளியில் படித்தார். கொஞ்ச காலம் பாரிஸிலும் ஜெர்மனியின் ஹைடல்பர்கிலும் படித்துவிட்டு, பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்தார்.

1912இல் தாய் மறுமணம் செய்துகொண்டார். மணந்தவர் அடைர் ஹோர் என்ற அரசு அதிகாரி. மாற்றாந்தந்தையின் பெயரையும் பெற்ற தந்தையின் பெயரையும் மகன் சேர்த்து வைத்துக்கொண்டார். ஹோர்-பெலிஷா என்ற இரட்டைப் பெயர் அப்படி வந்ததுதான்.

1914இல் முதல் உலகப் போர் மூண்டதும் படிப்பைப் பாதியில் விட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தார். பிரான்ஸிலும் கிரேக்கத்தின் சலோனிகா போர்முனையிலும் பணியாற்றி மேஜர் பதவி வரை உயர்ந்தார். போர் முடிந்து ஆக்ஸ்ஃபோர்டுக்குத் திரும்பியவர் அங்கே புகழ்பெற்ற மாணவர் விவாத மன்றத்துக்குத் தலைவரானார். பத்திரிகைகளில் எழுதிச் சம்பாதித்துக்கொண்டே சட்டம் படித்து 1923இல் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார்.

அரசியல் ஆசை முன்பே இருந்தது. கப்பல்படைத் துறைமுக நகரமான பிளிமத்தில் டெவன்போர்ட் தொகுதியில் 1922இல் லிபரல் கட்சி சார்பில் நின்று தோற்றார். மறு வருடமே அதே தொகுதியில் நின்று ஜெயித்தார். அதன் பிறகு 1945 வரை அந்தத் தொகுதி அவர் கையைவிட்டுப் போகவில்லை. 1931இல் அமைந்த தேசிய அரசாங்கத்தில் இளநிலை அமைச்சரானார். நிதித்துறையில் அவர் திறமையைப் பார்த்த பிறகு 1934 ஜூன் மாதம் போக்குவரத்து அமைச்சர் பதவியைக் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு 40 வயது.

ஒரு நாளைக்கு 20 பேர்

அவர் வந்து உட்கார்ந்த நாற்காலி எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் மேலே நடந்தது புரியும்.

பிரிட்டனில் கார்களுக்கு மணிக்கு 20 மைல், அதாவது சுமார் 32 கிலோமீட்டர் என்ற வேகக் கட்டுப்பாடு பல காலமாக இருந்தது. யாரும் அதை மதிக்கவில்லை. மதிக்காத சட்டம் எதற்கு என்று 1930இல் அதை எடுத்தே விட்டார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொண்டாரா என்று யாரையும் சோதிக்கும் வழக்கமும் இல்லை. பணம் கட்டினால் லைசென்ஸ் கிடைத்துவிடும்.

1934ஆம் ஆண்டின் கணக்கைப் பாருங்கள். சாலை விபத்தில் இறந்தவர்கள் 7,343 பேர். காயம்பட்டவர்கள் 2,31,603 பேர். நாளொன்றுக்கு 20 சாவு. இறந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் நடந்து போனவர்கள். அன்று அந்த நாட்டில் ஓடிய மோட்டார் வண்டிகளோ சுமார் 24 லட்சம்தான். இன்று நம் ஊர்களில் ஓடும் வண்டிகளோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

இந்தச் சாவுகளைப் பற்றி அன்றைய பெரிய மனிதர்களில் பலரும் வைத்திருந்த எண்ணம் இன்றைக்குக் கேட்டால் விசித்திரமாக இருக்கும். அந்த ஆண்டு வேகக் கட்டுப்பாடு பற்றி நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தபோது மூர்-பிரபசான் என்ற உறுப்பினர் அதை எதிர்த்துப் பேசினார். மோட்டார் வந்த புதிதில் நிறையக் கோழிகள் அடிபட்டுச் செத்தன, இப்போது கோழிகளும் நாய்களும் ஒதுங்கிப் போகக் கற்றுக்கொண்டுவிட்டன, மனிதர்களும் அப்படியே கற்றுக்கொள்வார்கள் என்பது அவருடைய வாதம். அவர் கொடூரமானவர் அல்ல. பிரிட்டனின் முதல் விமானிகளில் ஒருவர், படித்தவர், பின்னாளில் அவரே போக்குவரத்து அமைச்சராகவும் ஆனார். அவர் காலத்துப் பொதுக்கருத்தைத்தான் அவர் சொன்னார். சாலை வண்டிக்கு உரியது, நடப்பவன் விலகிப் போக வேண்டும் என்பதே அந்தக் கருத்து.

பெலிஷாவின் வேலை இந்தக் கருத்தோடு மோதுவதாக அமைந்தது.

கேம்டன் தெருவில் தப்பிய உயிர்

தெருவைக் கடக்க ஒரு தனி இடம் குறிப்பது பெலிஷாவின் கண்டுபிடிப்பு அல்ல. அவருக்கு முன் அமைச்சராக இருந்த ஆலிவர் ஸ்டான்லி காலத்திலேயே லண்டனில் சில இடங்களில் சாலையில் குறியிட்டுப் பலகை வைத்துப் பார்த்தார்கள். 1934ஆம் ஆண்டின் சாலைச் சட்டத்துக்கான மசோதாவும் ஸ்டான்லி தொடங்கியதுதான். அதைக் கையில் எடுத்து நடத்திக் காட்டியவர் பெலிஷா.

பதவி ஏற்ற புதிதில் இந்தக் கடக்கும் இடங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று நேரில் பார்க்க வட லண்டனின் கேம்டன் ஹை ஸ்ட்ரீட்டுக்குப் போனார். முறைப்படி குறியிட்ட இடத்தில் சாலையைக் கடந்துகொண்டிருந்தார். ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வேகம் குறைக்காமல் பாய்ந்து வந்தது. மயிரிழையில் தப்பினார். கார் நிற்காமல் போய்விட்டது.

அமைச்சரையே இடிக்கப் பார்த்த செய்தி பத்திரிகைகளில் அடிபட்டது. வேறொருவராக இருந்தால் அந்த டிரைவரைப் பிடித்துத் தண்டிப்பதோடு விட்டிருப்பார். பெலிஷா பார்த்த கோளாறு வேறு. சாலையில் பதித்திருந்த குறிகள் நடப்பவர் கண்ணுக்குத் தெரிந்தன. வேகமாக வரும் டிரைவர் கண்ணுக்குத் தரையில் இருக்கும் குறி தெரியாது. பக்கத்தில் வந்த பிறகு தெரிந்தாலும் நிறுத்த நேரம் இருக்காது. ஆகவே தூரத்திலிருந்தே, பகலிலும் இரவிலும், டிரைவர் தலையை நிமிர்த்தினால் தெரிகிற உயரத்தில் ஒரு அடையாளம் வேண்டும்.

அப்படி வந்ததுதான் கம்பமும் ஆரஞ்சு உருண்டையும். 1934 கடைசியில் லண்டன் தெருக்களில் நட ஆரம்பித்தார்கள். பிறகு நாடு முழுக்கப் பரவியது. நடப்பவர் கடக்க வேண்டிய பாதையைக் காட்டச் சாலையில் உலோகக் குமிழ்களைப் பதித்தார்கள். இன்று நாம் பார்க்கும் வெள்ளைப் பட்டைகள் அப்போது கிடையாது.

கம்பத்தோடு விதியும் வந்தது. கடக்கும் இடத்தை நெருங்கும் டிரைவர், தேவைப்பட்டால் அதற்கு முன்பே நிறுத்தக்கூடிய வேகத்தில்தான் வர வேண்டும். கடந்துகொண்டிருப்பவருக்குத் தடையில்லாமல் வழி விட வேண்டும். கடக்கும் பாதையின் மேல் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது. நடப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. தேவைக்கு மேல் அந்த இடத்தில் நின்றுகொண்டிருக்கக் கூடாது.

இதில் முதல் விதியைத்தான் நாம் இன்னொரு முறை படிக்க வேண்டும். ஆள் தெரிந்த பிறகு பிரேக் போடு என்று அது சொல்லவில்லை. ஆள் வந்தாலும் வரலாம் என்று எண்ணி முன்கூட்டியே வேகத்தைக் குறை என்கிறது. கடனைக் கொடுத்த பிறகு ஜாமீன் தேடக் கூடாது என்று வங்கியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் இதே பாடம்தான்.

கேலியும் கல்லடியும்

கம்பங்களுக்குக் கிடைத்த வரவேற்பு ஒரே மாதிரி இல்லை. ஊரெல்லாம் அதைப் பற்றித்தான் பேச்சு. கேலிச் சித்திரக்காரர்களுக்கு நல்ல வேட்டை. உருண்டை கண்ணாடியால் ஆனதால் பையன்கள் கல்லெறிந்து குறி பார்க்கப் பயன்படுத்தினார்கள். ஏராளமான உருண்டைகள் உடைந்து, கடைசியில் வேறு பொருளுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. பெலிஷா என்ற பெயரில் ஒரு சீட்டு விளையாட்டுக்கூட விற்பனைக்கு வந்தது.

அவருக்கு விளம்பர ஆசை என்று எதிரிகள் சொன்னார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. புகைப்படக்காரர்கள் இருக்கும் இடம் அவருக்குப் பிடிக்கும். கம்பத்துக்குத் தன் பெயர் வந்ததில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் சாலை விதி என்பது பத்து லட்சக்கணக்கான பேருக்குத் தெரிந்தால் ஒழிய உயிர் பெறாத விஷயம். அரசிதழில் அச்சடித்தால் மட்டும் டிரைவரின் கால் பிரேக்குக்குப் போய்விடாது. கேலிப் படமும் சீட்டுக்கட்டும் அந்த விதியை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தன.

கம்பத்தோடு அவர் நிற்கவில்லை. அவர் செய்த இன்னொரு காரியம் அடுக்குமாடியில் இருக்கும் நமக்குப் பிடிக்கும். இரவு 11.30 முதல் காலை 7 மணி வரை குடியிருப்புப் பகுதிகளில் ஹாரன் அடிக்கத் தடை போட்டார். முதலில் லண்டனில் சோதித்துப் பார்த்துவிட்டுப் பிறகு எல்லா ஊர்களுக்கும் விரித்தார். ஹாரன் இல்லாவிட்டால் விபத்து பெருகும் என்று வாதம் செய்தார்கள். அவருடைய பதில் எளிமையானது. ஹாரன் அடித்து வழி வாங்கிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை போய்விட்டால் டிரைவர் தானாக மெதுவாகப் போவார்.

1935 மார்ச் 18 முதல் ஊர்ப் பகுதிகளில் மணிக்கு 30 மைல், அதாவது 48 கிலோமீட்டர் என்ற வேக வரம்பு வந்தது. அதே ஆண்டு ஜூன் 1 முதல் புதிதாக ஓட்டுபவர்கள் அனைவருக்கும் ஓட்டுநர் தேர்வு கட்டாயமானது. கட்டணம் 7 ஷில்லிங் 6 பென்ஸ். முதல் ஆண்டில் 100 பேரில் 63 பேர் தேறினார்கள். அதாவது சோதிக்காமல் விட்டிருந்தால் சாலைக்கு வந்திருக்கக்கூடிய 37 பேர் திரும்பிப் போய்க் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பழகுபவர் வண்டியில் எல் எழுத்துப் பலகை கட்டுவதும் அப்போது வந்ததுதான். சாலை விதிக் கையேட்டையும் விரித்து எழுதச் செய்தார்.

1935இல் சாலைச் சாவு 6,502 ஆகக் குறைந்தது. முந்தைய ஆண்டை விட 841 பேர் குறைவு. இதில் கம்பத்தின் பங்கு எவ்வளவு, வேக வரம்பின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாம் சேர்ந்து வந்தவை. வண்டிகள் கூடிக்கொண்டே போன காலத்தில் சாவு குறைந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

ஏறியதும் இறங்கியதும்

இந்த வெற்றியால் 1936இல் அவருக்கு அமைச்சரவையின் உள்வட்டத்தில் இடம் கிடைத்தது. 1937இல் பிரதமரான செம்பர்லேன் அவரைப் போர்த்துறை அமைச்சர் ஆக்கினார். ஹிட்லர் பலம் பெற்றுக்கொண்டிருந்த நேரம். சாலையில் செய்ததையே பட்டாளத்திலும் செய்தார். சிப்பாய்களின் சாப்பாடு, சம்பளம், தங்குமிடம் ஆகியவற்றைச் சீர் செய்தார். வயதான தளபதிகளை ஒதுக்கி இளையவர்களை மேலே கொண்டுவந்தார். 1939இல் அமைதிக்காலத்திலேயே கட்டாய ராணுவப் பயிற்சி கொண்டுவரும் சட்டமும் அவர் காலத்தில்தான் நிறைவேறியது.

ஆனால் தளபதிகள் கம்பங்கள் அல்ல. அவருடைய அவசரமும் விளம்பரப் போக்கும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அவர் யூதர் என்பதும் சிலருக்குப் பொறுக்கவில்லை. 1939 நவம்பரில் பிரான்ஸ் எல்லையில் காவல் அரண்கள் கட்டும் வேலை மெதுவாக நடக்கிறது என்று அவர் குறை சொன்னதும் தளபதி கோர்ட் உள்ளிட்டோர் கொதித்துப் போனார்கள். 1940 ஜனவரியில் பிரதமர் அவரைப் போர்த்துறையிலிருந்து விலக்கி வேறு துறை தருவதாகச் சொன்னார். அவர் மறுத்துவிட்டு வெளியேறினார். அவருக்குப் பதில் அந்த நாற்காலிக்கு வந்தவர் யார் தெரியுமா? போக்குவரத்துத் துறையில் அவருக்கு முன்னால் இருந்த அதே ஆலிவர் ஸ்டான்லி.

போர் நடந்தபோது விமானத் தாக்குதலுக்குப் பயந்து தெருவிளக்குகளை அணைத்தார்கள். வண்டி விளக்குகளை மறைத்தார்கள். 1941இல் சாலைச் சாவு 9,169 ஆக ஏறியது. பிரிட்டனின் வரலாற்றில் அதுதான் மிக அதிகம். டிரைவருக்கு ஆள் தெரிவது எவ்வளவு முக்கியம் என்று பெலிஷா சொன்னதை இருட்டு வேறு விதமாக நிரூபித்துவிட்டது.

1945இல் சில வாரங்கள் மட்டும் மீண்டும் அமைச்சராக இருந்தார். அந்த ஆண்டுத் தேர்தலில் டெவன்போர்ட்டில் மைக்கேல் ஃபுட்டிடம் தோற்றார். அத்தோடு பெரிய பதவிகள் முடிந்தன. 1954இல் பிரபு பட்டம் கொடுத்தார்கள். 1957 பிப்ரவரி 16 அன்று நாடாளுமன்றக் குழு ஒன்றுக்குத் தலைமை ஏற்று பிரான்ஸின் ரெய்ம்ஸ் நகருக்குப் போயிருந்தபோது, பேசிக்கொண்டிருக்கையிலேயே சாய்ந்து இறந்தார். வயது 63. குழந்தைகள் இல்லை. பிரபு பட்டம் அவரோடு போயிற்று. போர்த்துறையில் செய்தவற்றைச் சரித்திரம் படிப்பவர்கள்தான் அறிவார்கள். சாலையோரக் கம்பத்தில் மட்டும் பெயர் நின்றது.

கால் வைத்த பிறகா, காத்து நிற்கும்போதா?

பெலிஷா உயிரோடு இருந்தபோதே அவருடைய விதி இரண்டு முறை உரசிப் பார்க்கப்பட்டது.

1949இல் ஒரு வழக்கு பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக அன்று இருந்த பிரபுக்கள் சபைக்கு வந்தது. கடக்கும் இடத்தை ஒட்டி ஒரு டாக்சி நின்றுகொண்டிருந்தது. அதை மறைவாகக் கொண்டு, சிக்னல் சாதகமாக இல்லாத நேரத்தில் ஒரு பெண்மணி சாலையில் இறங்கினார். வந்த பஸ் இடித்துவிட்டது. தவறு அந்த அம்மாளுடையது என்றுதான் நாம் சொல்வோம். நீதிபதிகள் அப்படி விட்டுவிடவில்லை. கடக்கும் இடத்தைப் பார்க்க முடியாதபடி ஒரு வண்டி மறைக்கிறது என்றால், அங்கே ஆள் இருக்கலாம் என்று எண்ணி நிறுத்தக்கூடிய வேகத்தில் வந்திருக்க வேண்டியது பஸ் டிரைவரின் கடமை என்று தீர்ப்பளித்தார்கள். மற்றவர்கள் எல்லாரும் சரியாக நடந்துகொள்வார்கள் என்று நம்பி வண்டி ஓட்ட ஒருவருக்கு உரிமை இல்லை என்பது அதன் சாரம்.

இரண்டாவது மாற்றம் 1951இல் வந்தது. கடக்கும் இடங்கள் கணக்கில்லாமல் பெருகிவிட்டதால் டிரைவர்கள் அவற்றை மதிப்பதை விட்டுவிட்டார்கள். எங்கு பார்த்தாலும் இருக்கும் அறிவிப்பை யாரும் படிப்பதில்லை அல்லவா? அரசாங்கம் எண்ணிக்கையைப் பெருமளவு குறைத்தது. மிச்சம் இருந்த இடங்களில் தரையிலும் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று கருப்பு வெள்ளைப் பட்டைகளைத் தீட்டியது. அதுதான் ஜீப்ரா கிராசிங். பட்டை புதிது, கம்பம் பழையது. இரண்டும் சேர்ந்து நின்றன.

பிறகு 1971இல் ஜீப்ராவுக்கு முன்னும் பின்னும் வளைவு வளைவாக வெள்ளைக் கோடுகள் போட்டார்கள். அந்த இடத்தில் வண்டி நிறுத்தக் கூடாது. முன்னால் போகும் வண்டியை முந்தவும் கூடாது. காரணம் மேலே சொன்ன வழக்கிலேயே இருக்கிறது. நின்ற வண்டி ஆளை மறைக்கிறது. முந்தும் வண்டி அடிக்கிறது.

இவ்வளவு நடந்தும் ஒரு விஷயம் மட்டும் பழையபடியே இருந்தது. நடப்பவர் சாலையில் கால் வைத்த பிறகுதான் வழி விடுவது டிரைவருக்குக் கட்டாயம். காத்து நிற்பவருக்கு வழி விடுவது அவருடைய பெருந்தன்மை. இந்த விதியில் ஒரு சங்கடம் இருப்பதை வயதானவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். உரிமை வேண்டுமானால் முதலில் உயிரைப் பணயம் வைத்து ஒரு அடி எடுத்து வைக்க வேண்டும். இருபது வயதுப் பையன் வைத்துவிடுவான். முழங்கால் வலிக்காரர் வைக்க மாட்டார். குழந்தையைக் கையில் பிடித்திருக்கும் தாயும் வைக்க மாட்டார். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான், பயன் மட்டும் துணிந்தவருக்கு.

2022 ஜனவரியில் பிரிட்டனின் சாலை விதிக் கையேடு இதைத் திருத்தியது. ஜீப்ராவில் கடக்கக் காத்து நிற்பவருக்கும் வழி விட வேண்டும் என்று சேர்த்தார்கள். திரும்பும் முனைகளிலும், டிரைவர் திரும்பப்போகும் தெருவைக் கடக்கக் காத்திருப்பவருக்கு வழி விட வேண்டும். நுணுக்கமாகப் படித்தால் கால் வைத்தவருக்கு வழி விடுவது சட்டக் கட்டாயம், காத்து நிற்பவருக்கு வழி விடுவது செய்ய வேண்டிய ஒழுங்கு என்று இரண்டு படியாக இருப்பது தெரியும். வங்கிச் சுற்றறிக்கைகளை வரி வரியாகப் படித்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். ஆனாலும் திசை சரியான திசை. வண்டியில் இருப்பவருக்குக் காத்திருப்பது சில விநாடி. நடப்பவருக்குத் தவறினால் எலும்பு அல்லது உயிர். நஷ்டம் யாருக்குக் குறைவோ அவர்தான் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும்.

நம் வாசலில்

நம் நாட்டிலும் விதி இல்லாமல் இல்லை. 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன. சிக்னல் இல்லாத கடவையை நெருங்கும்போது டிரைவர் வேகத்தைக் குறைக்க வேண்டும், நிறுத்த வேண்டும், நடப்பவர்களுக்கும் சக்கர நாற்காலியில் போகிறவர்களுக்கும் வழி விட வேண்டும். அதைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். நமக்கு பெலிஷா போலக் கம்பம் நட்டு, கேலிக்கு ஆளாகி, வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்த ஆள் இல்லை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

சாலையில் மற்றவர்களைத் திருத்துவது நம் கையில் இல்லை. நம் காம்பவுண்டுக்குள்ளும் நம் கேட்டிலும் நடப்பது நம் கையில் இருக்கிறது. கார், டூவீலர் ஓட்டும் அனைவரும் இவற்றைப் பழக்கிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கோடு போட்ட இடத்தைத் தூரத்தில் பார்த்ததுமே காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்துவிடுங்கள். 48 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நல்ல சாலையில் முழுமையாக நிற்க 23 மீட்டர் வேண்டும் என்பது பிரிட்டன் கையேட்டின் கணக்கு. அதில் 9 மீட்டர், மூளை யோசித்துக் கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே ஓடிவிடும். 32 கிலோமீட்டர் வேகத்தில் 12 மீட்டர் போதும். வேகம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் தூரம் பாதியாகிவிடுகிறது.

ஓரத்தில் ஒருவர் காத்து நின்றால் அவர் கால் வைக்கும் வரை பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். கோட்டுக்கு முன்பே நிறுத்துங்கள். முன்னால் ஒரு வண்டி அங்கே நின்றால் அது பழுதாகி நிற்கிறது என்று எண்ணி முந்தாதீர்கள். அதற்கு முன்னால் யாரோ கடந்துகொண்டிருக்கலாம்.

பேஸ்மென்ட்டிலிருந்து சரிவில் ஏறி வெளியே வரும்போது கடைசியில் ஒரு முறை முழுதாக நின்று பாருங்கள். மாலையில் அந்த இடத்தில்தான் குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். கேட்டில் திரும்பும்போது நடைபாதையில் வருபவருக்கே முதல் வழி. ஹாரன் அடித்து அவரை ஓட வைப்பது வழி விடுவது ஆகாது.

நடப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டிரைவர் நம்மைப் பார்த்துவிட்டார் என்று தெரிந்த பிறகு கால் வையுங்கள். கோட்டின் நடுவில் நின்று செல்போனில் பேசாதீர்கள். இருட்டில் வெளிர் நிறச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில், கேட்டுக்கு எதிரே மங்கிப்போன பட்டைகளைப் புதுப்பிக்கவும் அந்த இடத்தில் இரவில் நல்ல வெளிச்சம் விழும்படி விளக்கு வைக்கவும் உரிய அலுவலகத்துக்கு மனு கொடுக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவரலாம் என்று இருக்கிறேன். கையெழுத்துப் போட விருப்பம் உள்ளவர்கள் சங்க அலுவலகத்தில் வைத்திருக்கும் நோட்டில் பெயரும் பிளாட் எண்ணும் எழுதி வையுங்கள். நடப்பவர்களும் எழுதலாம், வண்டி வைத்திருப்பவர்களும் எழுதலாம்.